எக்ஸ்எம்எல்லை விட்டதும் ஜேசன் முரண்டு பிடிக்கிறதா?

வணக்கம் நண்பரே. செம்பனை ஆலையின் எடைச் சீட்டைத் தலைமையகத்துக்கு அனுப்பும் கேமல் ரூட்டில் (கேமல் என்பது மென்பொருள்களுக்கு இடையே தகவலைக் கடத்தும் ஜாவா கருவி; ரூட் அதன் பாதை), இணையச் சேவையை அழைக்கும் ரெஸ்ட் கிளையண்ட் அமைப்பை எக்ஸ்எம்எல்லிலிருந்து ஜாவாவுக்கு மாற்றியதும் 'மெசேஜ் பாடி ரைட்டர் இல்லை' (அனுப்பும் தரவை எழுதித்தர ஆளில்லை) என்ற பிழை வருவதாக எழுதியிருக்கிறீர்கள். சுங்கை சிப்புட்டில் இதே வேலைக்காக ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தவன் நான்.

பழைய கோப்பைத் திறந்து பாருங்கள். முகவரிக்குக் கீழே புரொவைடர் என்று ஒரு பகுதி இருக்கும். அதில், ஜாவா தரவை ஜேசன் வடிவத்துக்கு மாற்றித்தரும் ஜாக்சன் இருக்கும். முகவரியையும் சர்வீஸ் கிளாஸையும் கொண்டுவந்தவர், அதை அங்கேயே விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். ஜாவாவில் சிஎக்ஸ்எஃப்ஆர்எஸ் எண்ட்பாயிண்டை (ரெஸ்ட் சேவையை அழைக்கும் கேமல் பகுதி) ஒரு பீனாக, அதாவது பெயரிட்ட பொருளாக, உருவாக்கி, முகவரி, ரிசோர்ஸ் கிளாஸ், ஜாக்சன் புரொவைடர் மூன்றையும் அதில் கொடுங்கள். ரூட்டில் அந்தப் பீனின் பெயரைச் சொன்னால் போதும்.

அடுத்து ஒரு பள்ளம் காத்திருக்கிறது. இயல்பாக இந்த எண்ட்பாயிண்ட் எச்டிடிபி முறையில்தான் அழைக்கும். அதனால் எச்டிடிபி மெத்தட் (கெட், போஸ்ட் போன்றவை), பாத் இரண்டையும் செய்தியின் ஹெடரில் வைக்க வேண்டும். ஜாவா இன்டர்ஃபேஸில் உள்ள மெத்தடின் பெயரைச் சொல்லி அழைக்க விரும்பினால், எச்டிடிபி கிளையண்ட் ஏபிஐ அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு, ஆபரேஷன் நேம் ஹெடரைக் கொடுங்கள். எனக்கு இரண்டாவதே பிடிக்கும்.

மழைக்கு இணையம் படுத்துவிடும் ஊர் நம்முடையது. பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் இயல்பாக 60 விநாடி. லாரி வரிசையில் நிற்கும்போது அது மிக அதிகம். குறைத்துவிடுங்கள்.