ஆடிட் வருகிறது, என்ன சொல்வது? நண்டுக் கம்பெனியிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: மண்டபம் பக்கத்தில் நண்டுச் சதை எடுக்கும் கம்பெனி ஒன்றில் நானும் அம்மாவும் வேலை பார்க்கிறோம். ஏஜென்ட் வேனில் கூட்டிப்போவார். கூலியும் அவர் கையால்தான். எடுக்கிற சதைக்குக் கிலோ கணக்கு. பி.எஃப். பிடிக்கிறோம் என்கிறார்கள், ஆனால் சீட்டு எதுவும் தருவதில்லை. நண்டு வரத்து அதிகமானால் ராத்திரி வரை இருக்க வேண்டும். அடுத்த மாதம் வெளிநாட்டுக் கம்பெனி சார்பில் ஆடிட் வருகிறதாம். ‘எட்டு மணி நேரம்தான் வேலை, எல்லாம் ஒழுங்காகக் கிடைக்குதுன்னு சொல்லணும்’ என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். சுவரில் மனித உரிமை என்று ஒரு போஸ்டரும் போன் நம்பரும் புதிதாக ஒட்டியிருக்கிறார்கள். இந்த ஆட்கள் எல்லாம் யார்? அவர்களிடம் சொன்னால் ஏதாவது நடக்குமா, இல்லை எங்கள் வேலைதான் போகுமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: நடக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் யாரிடம், எதை, எத்தனை பேராகச் சேர்ந்து சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது. ஆடிட்டரிடம் ஒருத்தியாகப் போய்ச் சொல்வது, இருக்கிற வழிகளிலேயே பலம் குறைந்த வழி. அந்தப் போஸ்டருக்குப் பின்னால் இருப்பவர்கள் யார், அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று பார்த்தால் காரணம் விளங்கும்.

சரக்கை வாங்குகிற கம்பெனி, அதற்காக உழைப்பவர்களின் உரிமைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்துக்கு உலக அளவில் ஒரு பொதுவான எழுத்து வடிவம் கிடைத்தது 2011-ல். ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ரக்கியை 2005-ல் கோஃபி அன்னான் ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதியாக நியமித்தார். அரசுகள், கம்பெனிகள், தொழிலாளர்கள் என்று எல்லாத் தரப்பிடமும் ஆறு வருடம் பேசி அவர் எழுதிய 31 நெறிகளை மனித உரிமைக் கவுன்சில் 2011 ஜூனில் ஏற்றுக்கொண்டது. அரசு காக்க வேண்டும், கம்பெனி மதிக்க வேண்டும், பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். உங்களுக்கு வேண்டியது நடுவில் இருப்பது. ஏஜென்ட், ஷெட் (உங்களைப் போல் சதை எடுக்கும் இடம்), பேக்கிங் ஆலை என்று எத்தனை கை மாறினாலும் கடைசியில் வாங்குகிறவர் பின்னோக்கித் தேடிப் பார்க்க வேண்டும். ‘அது ஏஜென்ட் ஆள், எங்களுக்குத் தெரியாது’ என்று கையை விரிக்கக் கூடாது. இதைக் கவனிக்க ஐந்து பேர் கொண்ட ஐ.நா. குழு ஒன்று உண்டு. இந்தியச் சட்ட அறிஞர் சூர்யா தேவா 2016 முதல் 2022 வரை அதில் இருந்தார். ஆனால் இந்த நெறிகள் சட்டமல்ல. ஐ.நா. அலுவலகம் இருக்கும் ஜெனீவாவுக்குக் கடிதம் போட்டால் உங்கள் பி.எஃப். பணம் வந்துவிடாது.

அடுத்த மாதம் வரப்போகிற ஆடிட்டர் வேறு ரகம். அவருக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் ஆலைக்காரரே கட்டுவார், இல்லையென்றால் வாங்குகிறவர் கட்டுவார். ஓரிரு நாள் இருந்துவிட்டுப் போய்விடுவார். கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடை ஆலைக்கு 2012 ஆகஸ்ட்டில் எஸ்.ஏ.8000 என்ற தொழிலாளர் நலச் சான்றிதழ் கிடைத்தது. சில வாரங்களில், செப்டம்பரில், அங்கே தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். சுவரில் மாட்டிய சான்றிதழுக்கு நான் அதிக மதிப்புத் தராததற்கு இது ஒரு காரணம். அதற்காக ஆடிட்டர்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்கிறவர்கள் என்று சொல்லமாட்டேன். விஷயம் தெரிந்தவராக இருந்தால், அன்றைக்கு எத்தனை கிலோ சதை வெளியே போனது, வருகைப் பதிவில் உள்ளவர்கள் எட்டு மணி நேரத்தில் அவ்வளவு எடுத்திருக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பார். யாரும் வாய் திறக்காமலே ராத்திரி வேலை வெளியே வந்துவிடும்.

வாங்குகிற கம்பெனிக்குள்ளும் மனித உரிமை அதிகாரி என்று ஒருவர் இருப்பார். விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்குகிற கொள்முதல் பிரிவும் அதே கட்டடத்தில்தான் இருக்கும். அவர் நல்லவராகவே இருந்தாலும், உள்ளே வாதாடக் காகிதம் வேண்டும். அதனால் உங்களிடம் ஆதாரம் கேட்பார். இதற்கெல்லாம் வெளியே, கம்பெனியிடம் சம்பளம் வாங்காதவர்களும் இருக்கிறார்கள். பிசினஸ் அண்ட் ஹியூமன் ரைட்ஸ் ரிசோர்ஸ் சென்டர் என்ற அமைப்பு, ஒரு கம்பெனி மீது வரும் குற்றச்சாட்டை அந்தக் கம்பெனிக்கே அனுப்பிப் பதில் கேட்கும். குற்றச்சாட்டையும் பதிலையும் சேர்த்து வெளியிடும். வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். குஜராத்தின் முந்த்ரா கடற்கரை மீனவர்கள், தங்கள் பக்கத்து அனல்மின் நிலையத்துக்குக் கடன் கொடுத்த, உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தை எர்த்ரைட்ஸ் அமைப்பின் வழக்கறிஞர்கள் துணையோடு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை இழுத்தார்கள். அப்படிப்பட்ட அமைப்புகளுக்கு வழக்கிலிருந்து முழு விலக்கு கிடையாது என்று 2019-ல் தீர்ப்பு வந்தது. அப்புறம் கீழ் நீதிமன்றங்களில் வழக்கு நிற்கவில்லை, அது வேறு விஷயம்.

இவர்களில் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது இரண்டுதான்: உங்கள் ஷெட்டிலிருந்து போகிற சரக்கை வாங்குவது யார்? நீங்கள் சொல்வதற்கு எழுத்தில் என்ன இருக்கிறது? இரண்டையும் ஆடிட்டுக்கு முன்பே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குகிறவர் பெயர் பெரும்பாலும் டப்பா மூடியிலோ அட்டைப்பெட்டியிலோ இருக்கும். பிராண்ட், இறக்குமதியாளர் பெயர், ஆலையின் அங்கீகார எண், எது கண்ணில் பட்டாலும் மனதில் வாங்கிக்கொண்டு வீட்டில் வந்து எழுதுங்கள். உள்ளே போன் கூடாது என்று விதி இருந்தால் படம் எடுக்காதீர்கள். அதையே சாக்காக வைத்து வெளியே அனுப்பிவிடுவார்கள். உங்கள் இடத்தில் அவித்துச் சதை எடுப்பதோடு வேலை முடிந்து, டப்பாவில் அடைப்பது வேறு ஆலை என்றால், ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி எந்த ஆலைக்குப் போகிறது என்று தெரிந்தாலே போதும். மிச்சத்தை மற்றவர்கள் கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

எழுத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தேதி, வேன் ஏறிய நேரம், இறங்கிய நேரம், எத்தனை கிலோ, கையில் வந்த பணம். உங்களுடையது மட்டுமல்ல, இன்னும் நாலைந்து பேருடையதும் தனித்தனியாக. தினமும் எழுதிய நோட்டுக்கு உள்ள மதிப்பு, ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிய மனுவுக்குக் கிடையாது. பி.எஃப். விஷயத்தில் யாரையும் கேட்கவே வேண்டாம். யு.ஏ.என். எண் (பி.எஃப். உறுப்பினர் எண்) இருந்தால் உமங் என்ற அரசுச் செயலியில் பாஸ்புக் தெரியும், எந்த மாதம் கட்டினார்கள் என்று அதிலேயே இருக்கும். அந்த எண்ணே உங்களுக்குக் கொடுக்கவில்லை என்றால், பிடித்த பணம் போய்ச் சேரவில்லையோ என்று சந்தேகப்படலாம், பி.எஃப். அமைப்பின் இணையதளத்திலேயே புகார் போடலாம். 20 பேர் இருந்தால் பி.எஃப்., 10 பேர் இருந்தால் இ.எஸ்.ஐ. என்பது பொது விதி. நண்டு ஓட்டில் கை கிழிந்தால் மருந்துச் செலவு யாருடையது என்பதற்கு இந்த இ.எஸ்.ஐ.தான் பதில்.

கூலி கிலோ கணக்கில் இருந்தாலும், முழு நாள் வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்பு. ஏஜென்ட் கூலியைத் தராமல் ஏமாற்றினால் அதைக் கொடுக்க வேண்டிய பொறுப்பு முதன்மை முதலாளிக்கு, அதாவது கம்பெனிக்காரருக்கு. பழைய ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் தொடர்கிறது. வேலை நியமனக் கடிதமும் இப்போது கேட்டு வாங்க வேண்டிய உரிமை. ராமநாதபுரத்தில் தொழிலாளர் துறை உதவி ஆணையர் அலுவலகம் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார் (15100-ல் அழைக்கலாம்). வெளிநாட்டு வழியைத் தொடும் முன் இங்கே ஒரு மனு கொடுத்து, ரசீது வாங்கி வைத்துவிடுங்கள். ‘உள்ளூரில் கேட்டுப் பார்த்தீர்களா’ என்பதுதான் வெளிநாட்டுக்காரர்கள் கேட்கும் அடுத்த கேள்வியாக இருக்கும்.

சரி, ஆடிட் நாள். பொய் சொல்லாதீர்கள். ‘எட்டு மணி நேரம்தான்’ என்று நீங்களே சொல்லிவிட்டால், நாளைக்கு உங்கள் நோட்டையே உங்களுக்கு எதிராகத் திருப்புவார்கள். ஆனால் எல்லாவற்றையும் கொட்டவும் வேண்டாம். சூப்பர்வைசர் பார்வையில் கும்பலாக உட்கார வைத்துக் கேட்டால், ‘இங்கே பேச முடியாது’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அந்த வார்த்தையே ஆடிட்டருக்கு ஒரு தகவல். தனியாகக் கூப்பிட்டால் எல்லோருக்கும் பொதுவானதைச் சொல்லுங்கள்: கூலிச் சீட்டு இல்லை, பி.எஃப். கணக்குக் காட்டவில்லை, ராத்திரி வேலைக்குத் தனிக் கூலி இல்லை. உங்களுக்கு மட்டும் நடந்த ஒரு சம்பவத்தைச் சொன்னால், பெயரை மறைத்தாலும் யார் சொன்னது என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். ஆடிட்டரின் கார்டை வாங்கி வையுங்கள். போஸ்டரில் இருக்கும் நம்பரும் அப்படித்தான். அது யாரிடம் போய்ச் சேருகிறது என்று முதலில் கேளுங்கள். ஆலை மேனேஜரிடமே திரும்பி வருகிற லைன்களும் உண்டு. வாங்குகிற கம்பெனி நேரடியாகவோ மூன்றாம் தரப்பு மூலமாகவோ நடத்துவது என்றால் பரவாயில்லை. வேறு ஊரிலிருந்து, வேறு போனிலிருந்து கூப்பிட்டு, புகார் எண் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் தெரிந்த பிறகு, வாங்குகிறவர் எந்த நாடு என்பதைப் பொறுத்து வழி மாறும். பெரிய ஜெர்மன் கம்பெனிகளை 2023 முதல் ஒரு விநியோகச் சங்கிலிச் சட்டம் (சரக்கு வருகிற வழியில் உழைப்பவர்களின் உரிமையையும் கவனிக்கச் சொல்வது) கட்டுப்படுத்துகிறது. பிரான்சில் அதுபோன்ற சட்டம் 2017-லேயே வந்துவிட்டது. அமெரிக்கா உட்பட, ஓ.இ.சி.டி. (பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு வகுத்த நெறிகளை ஏற்ற நாடு ஒவ்வொன்றிலும் தேசியத் தொடர்பு மையம் என்ற அரசு அலுவலகம் இருக்கும். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் வாங்கும் கம்பெனியின் நாட்டில் உள்ள மையத்துக்கு இங்கிருந்தே புகார் அனுப்பலாம், கட்டணம் இல்லை. தண்டிக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேச வைப்பார்கள், அவ்வளவுதான். கட்டாய உழைப்பில் செய்த சரக்கை உள்ளே விடக் கூடாது என்று அமெரிக்காவில் 1930-லிருந்தே சட்டம் உண்டு. அது கூலிப் பாக்கிக்கு எடுக்கிற ஆயுதம் இல்லை. கப்பல் நின்றால் ஷெட்டும் நிற்கும், வீட்டுக்குப் போவது நீங்கள்தான். (ஆமை தப்பிக்கும் கருவி நம் இழுவலைகளில் இல்லை என்று 2019 முதல் இந்தியக் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. ஒரு கதவு மூடினால் கரையில் எத்தனை வீட்டுக்குத் தெரியும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டாம்.)

அதனால் எந்தக் கடிதத்திலும் ஒரு வரியைத் தவறாமல் எழுதுங்கள்: ‘வாங்குவதை நிறுத்த வேண்டாம், சரிசெய்யச் சொல்லுங்கள்.’ ரக்கியின் நெறிகளும் இதைத்தான் சொல்கின்றன. வாங்குகிறவர் தன் செல்வாக்கை வைத்து நிலைமையைத் திருத்தப் பார்க்க வேண்டும். விலகுவது கடைசி வழி, அதிலும் தொழிலாளர்களுக்கு என்ன ஆகும் என்று யோசித்த பிறகே.

இது ஏட்டளவில் நிற்கவில்லை என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சாட்சி உண்டு. திண்டுக்கல் பகுதியில் நாச்சி அப்பேரல் என்ற ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையில் நடக்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடவில்லை. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகளோடு கைகோத்து, எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய வாங்குவோரோடு 2022-ல் ஒப்பந்தம் போட்டார்கள். ஆலை முதலாளியும் கையெழுத்திட்டார். பாலியல் தொல்லை பற்றிப் புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது, தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் இருப்பார்கள், ஆலை மீறினால் வாங்குவோர் ஆர்டரில் கை வைப்பார்கள் என்று எழுதி வாங்கினார்கள். அதே ஆலைச் சரக்கை 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத் துறை தடுத்தது. செப்டம்பரில் தடை நீங்கியது. ஆடிட்டர் அறிக்கைகளால் ஆகாததைச் சங்கம் செய்தது என்றுதான் நான் படிக்கிறேன்.

பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்கிற லட்சுமி மூர்த்தி 2015-ல் தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது வாங்கியதும் பாசிப் பெண்களின் கூட்டமைப்பில் நின்று போராடியதால்தான். ஷெட்டில் ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். ஆனால் மொத்தத் தொழிலாளர்களில் பத்தில் ஒரு பங்கு அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை பேராவது உறுப்பினராக இருக்க வேண்டும். அதற்கு இப்போது தைரியம் வரவில்லையா, பரவாயில்லை. ஏற்கெனவே உள்ள ஒரு சங்கத்தில் உறுப்பினராகி, மனுவை அதன் பெயரில் அனுப்புங்கள். சூப்பர்வைசரோ ஏஜென்ட்டோ தகாத முறையில் நடப்பது இதில் கலந்திருந்தால், அதை மட்டும் பிரித்து, பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி தனியாகக் கொடுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும்.

வேலை போகுமா என்று கேட்டிருந்தீர்கள். ‘நாளையிலிருந்து வராதே’ என்று முகத்துக்கு நேரே சொல்வது அபூர்வம். வேன் உங்கள் தெருவில் நிற்காமல் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில், நாட்டுப்படகு நண்டு மட்டும் வந்து வேலை குறையும்போது இதைச் செய்வது சுலபம். ‘நண்டு இல்லை, அதனால் கூப்பிடவில்லை’ என்பார்கள். தடைக்கு முந்தின வாரம் யார் யார் வேலையில் இருந்தார்கள், ஜூன் கடைசியில் வேன் யாரையெல்லாம் திரும்ப ஏற்றியது என்று இரண்டு பட்டியலையும் அதே நோட்டில் எழுதி வையுங்கள். புகார் கொடுத்தவர்கள் மட்டும் விடுபட்டிருந்தால், உதவி ஆணையருக்கும் வாங்குகிற கம்பெனிக்கும் அந்த இரண்டு பக்கங்களின் நகலை ஒரே நாளில் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.