கேள்வி பதில்: கோழியில் சால்மோனெல்லாவை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது

கோழி நோய் ஆய்வகத்தில் தட்டும் குழாயுமாகப் பல வருடம் ஓட்டியவள் நான். சால்மோனெல்லா என்பது கோழிக்கும் மனுஷருக்கும் நோய் தரும் பாக்டீரியா. அதைப் பற்றிப் பண்ணைக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் கேட்டவற்றுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பல்லடம், பிராய்லர் பண்ணை: மேடம், நாலு கோழிக்கு ஆசனவாயில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துக் கொடுத்தேன். 'சால்மோனெல்லா இல்லை' என்று வந்தது. நம்பலாங்களா?

நம்பாதீங்க. கிருமி இருக்கிற கோழியும் தினமும் அதை எச்சத்தில் விடாது, இன்றைக்கு விடும், நாலு நாள் சும்மா இருக்கும். ஆயிரக்கணக்கில் இருக்கிற ஷெட்டில் நாலு குச்சி எதையும் சொல்லாது. தரையில் வளர்க்கிறவர்கள் செருப்புக்கு மேல் சுத்தமான பிளாஸ்டிக் உறை, அதற்கு மேல் கிருமி நீக்கிய உப்புநீரில் நனைத்த துணி உறை மாட்டிக்கொண்டு ஷெட்டு முழுக்க நடங்க, தரையில் விரித்த மஞ்சியும் எச்சமும் ஒட்டிய அந்த உறைதான் மாதிரி. பைப்புத் தண்ணீரில் நனைக்க வேண்டாம், குளோரின் இருந்தால் கிருமி அதிலேயே செத்துவிடும். கூண்டுக் கோழி என்றால் எல்லா வரிசையின் அடியிலிருந்தும் ஈரம் காயாத எச்சம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து 150 கிராம் கொடுங்க.

நாமக்கல், லேயர் பண்ணை: ரிசல்ட்டுக்கு ஏன் அஞ்சாறு நாள் இழுக்கிறீங்க?

இழுக்கவில்லைங்க, கிருமி வளர அவ்வளவு நேரம் வேண்டும். எச்சத்தில் காய்ந்து, கிருமிநாசினி பட்டு அரை உயிராக வருகிறது. காய்ச்சலில் எழுந்தவருக்கு முதலில் கஞ்சிதானே கொடுப்போம்? அப்படித்தான் 25 கிராம் மாதிரியை 225 மில்லி பஃபர் பெப்டோன் நீர் என்ற மென்மையான சத்துநீரில் போட்டு, 37 டிகிரி சூட்டில் 18 மணி நேரம் வைப்போம். இதை விட்டுவிட்டு நேராக, மற்ற கிருமிகளை அடக்கும் கடுமையான மீடியாவில் (கிருமி வளர்க்கும் தீனியில்) போட்டால் பாதி செத்துப்போகும், 'இல்லை' என்று தப்பாக எழுதிக் கொடுப்போம்.

அடுத்தது எம்.எஸ்.ஆர்.வி. பாதி இறுகிய கூழ் மாதிரி இருக்கும் தட்டு. அதில் மூன்று சொட்டு விட்டு 41.5 டிகிரியில் வைத்தால், நீந்தத் தெரிந்த சால்மோனெல்லா சொட்டிலிருந்து வெளியே படர்ந்து, சாம்பல் கலந்த வெள்ளையில் வட்டமாகப் புகை மாதிரி தெரியும். இந்தத் தட்டை மட்டும் கவிழ்க்கக் கூடாது. மற்ற தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கிய பழக்கத்தில் ஒருமுறை இதையும் கவிழ்த்து, ஒரு நாள் வேலையையே இழந்தேன். 24 மணியில் படரவில்லை என்றால் இன்னொரு 24 மணி பொறுக்க வேண்டும். அப்புறம் சால்மோனெல்லாவை நிறத்தால் காட்டும் எக்ஸ்.எல்.டி. தட்டும் கூட இன்னொரு மீடியாவும் ஒரு நாள், உறுதி செய்ய மேலும் ஒன்றிரண்டு நாள்.

மாணவி: எக்ஸ்.எல்.டி.யில் நடுவில் கறுப்பு வந்தாலே சால்மோனெல்லாவா, அக்கா?

இல்லைம்மா. சிவப்புக்கு நடுவே மீன் கண் மாதிரி கறுப்பு வந்தால் சந்தேகப்படலாம், அவ்வளவுதான். புரோட்டியஸ், சிட்ரோபாக்டர் என்ற வேறு கிருமிகளும் கறுப்புக் காட்டி ஏமாற்றும். தட்டில் புள்ளியாக வளர்ந்த கிருமிக் கூட்டம், அதாவது காலனி, ஒன்றே ஒன்றைத் தொட்டு, தூய்மையாக வளர்த்து, யூரியா கலந்த மீடியாவில் போடு. சில மணி நேரத்திலேயே ரோஸ் நிறம் வந்தால் அது பெரும்பாலும் புரோட்டியஸ்தான். சர்க்கரையும் இரும்பும் கலந்த டி.எஸ்.ஐ. குழாயில் மேலே சிவப்பு, அடியில் மஞ்சள், கூடவே கறுப்பு இருந்தால், வகையைக் காட்டும் எதிர்ப்புப் பொருள் உள்ள ஆன்டிசீரத்தோடு சேர்த்துப் பார். சால்மோனெல்லாவில் 2500க்கு மேல் வகை இருக்கிறது, எந்த வகை என்று தெரியாமல் பண்ணைக்காரருக்கு வழி சொல்ல முடியாது.

தாராபுரம்: குஞ்சுகளுக்கு வெள்ளைக்கழிச்சல். ஆய்வகத்தில் 'இல்லை' என்கிறார்கள், குஞ்சு செத்துக்கொண்டே இருக்கிறது.

இதைத்தான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தேன். நம் ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்றால் ராணிக்கெட். அது வைரஸ். பொரித்த இரண்டு மூன்று வாரத்துக்குள் பின்புறம் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு சாவது புல்லோரமாகவும் இருக்கலாம், அது சால்மோனெல்லா. புல்லோரத்துக்கும் கோழி டைபாய்டைக் கொடுக்கும் கேலினேரத்துக்கும் நீந்தும் வால் கிடையாது, அதனால் மேலே சொன்ன எம்.எஸ்.ஆர்.வி. தட்டில் படரவே படராது! 'இல்லை' என்று வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். எச்சத்தை விட்டுவிட்டு, நோய்பட்ட குஞ்சையோ அப்போதுதான் செத்ததையோ கொண்டுபோய், புல்லோரம் சந்தேகம் என்று வாயால் சொல்லுங்க. ஈரல், மண்ணீரல், மஞ்சள்கருப் பை, பெரிய கோழி என்றால் கருமுட்டைப் பை, இவற்றின் மேல்பரப்பைச் சூட்டுக் கரண்டியால் சுட்டுவிட்டு உள்ளிருந்து எடுத்து மெக்கான்கி தட்டிலும் செலினைட் குழம்பிலும் போடுவார்கள். காலனி பொடிசாக வரும், 48 மணி வரை பார்க்கச் சொல்லுங்க. புல்லோரம், கேலினேரம் இரண்டையும் பிரிக்க டல்சிட்டால் (ஒரு சர்க்கரைப் பொருள்), ஆர்னித்தின் (ஒரு அமினோ அமிலம்) சோதனை உண்டு: டல்சிட்டாலைக் கேலினேரம் புளிக்க வைக்கும், ஆர்னித்தினைப் புல்லோரம் உடைக்கும்.

பெருந்துறை: ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கிறது, மாதிரி அனுப்பலாமா?

மருந்துக்கு முன்னாடியே எடுத்திருக்கணும். இப்போது எடுத்தால் தப்பான 'இல்லை' வரும்.

உடுமலை: கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை ஒரே நாளில் சொல்லுதாமே?

சொல்லும். ஆனால் அதற்கும் முதலில் வளர்த்துத்தான் ஆக வேண்டும், செத்த கிருமியின் மரபணுவையும் அது காட்டிவிடலாம். எந்த மருந்து கேட்கும் என்று பார்க்க உயிரோடு கிருமி கையில் வேண்டும்.

காங்கேயம்: பஸ்ஸில் அனுப்பலாங்களா?

அனுப்பலாம். ஐஸை நியூஸ் பேப்பரில் சுற்றி வையுங்க, மாதிரி குளிர்ந்திருக்கணும், உறையக் கூடாது. எடுத்த அன்றைக்கே ஏற்றிவிடுங்க. கோழி வயசு, போட்ட தடுப்பூசி, முக்கியமாக உயிருள்ள சால்மோனெல்லா தடுப்பூசி போட்டிருந்தால் அதையும் எழுதி வையுங்க. பென்சிலில் எழுதுங்க, ஐஸ் உருகினால் பேனா மை கரைந்துவிடும்.