மீன் தொட்டி மூடி உப்பிப்போனது: பட்டறைக்காரரிடம் பணம் கேட்க முடியுமா?

கேள்வி: தருமபுரியில் வசிக்கிறேன். நான்கடி மீன் தொட்டியின் தேக்கு வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டிய ஸ்டாண்டுக்குப் பொருத்தமாக மேல்மூடி செய்ய, ஓசூர் பர்னிச்சர் பட்டறை ஒன்றுக்கு ஜிபேயில் ரூ.14,500 கொடுத்தேன். மரமும் கூலியும் அவர் பொறுப்பு. ‘வாட்டர்ப்ரூப் பிளைவுட்’ என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். நான்காம் மாதமே உள்பக்கம் உப்பி, அடுக்குப் பிரிந்து, முன்கதவு வளைந்துவிட்டது. நிறமும் சேரவில்லை. கேட்டால், ‘ஆவி பட்டா மரம் அப்படித்தான் ஆகும்’ என்கிறார். பில் தரவில்லை.

பதில்: அவர் சொல்லும் அந்தச் சமாதானமே உங்களுக்குச் சாதகம். மீன் தொட்டிக்கென்று தெரிந்துதான் செய்து கொடுத்தார். பொருள் எதற்கு என்று சொல்லி, விற்பவரின் தொழில் அறிவை நம்பி வாங்கினால், அது அந்தப் பயனுக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. பிளைவுட்டை நீங்களே வாங்கிக் கொடுத்திருந்தால் வேலைக் குறைக்கு மட்டுமே அவர் பொறுப்பாவார். இங்கே இரண்டும் அவருடையவை. மனுவில் ‘பொருள் குறைபாடு’, ‘சேவைக் குறைபாடு’ இரண்டையும் எழுதுங்கள். பில் தராததே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை, அதையும் சேருங்கள்.

வழக்கு நிற்பதும் விழுவதும் மூடி ஏன் உப்பியது என்பதில்தான். எம்.ஆர். (ஈரத்தை ஓரளவே தாங்கும் ரகம்) எனப்படும் கமர்ஷியல் பிளை, தொட்டியின் ஆவியைத் தினமும் தாங்காது. அந்த இடத்துக்கு ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள பி.டபிள்யூ.பி. (கொதிநீரையும் தாங்கும் ரகம்) பிளை வேண்டும். நல்ல பிளையே போட்டிருந்தாலும், வெட்டிய விளிம்பையும் திருகு ஓட்டைகளையும் எபாக்ஸியோ பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சோ அடித்து அடைக்காவிட்டால் ஈரம் அந்த வழியே அடுக்குகளுக்குள் ஏறும். வெளிமுகத்தில் வெனீர் ஒட்டி பாலிஷ் போட்டு, உள்முகத்தை வெறுமனே விட்டால், இரு முகமும் ஒரே அளவில் ஈரம் இழுக்காது, பலகை வளையும். முன்கதவு வளைந்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பின்பலகையில் ஆவி வெளியேறக் காற்றுத் திறப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதனால் மூடியைப் பட்டறைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள், இழைக்கவும் விடாதீர்கள், சாட்சியம் போய்விடும். பிரிந்த விளிம்பை ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை தெரிந்தால் அதையும் எடுங்கள். வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்படியோடு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் (மின்னணுப் பதிவுக்கானது) வைக்க வேண்டும்; போனை மாற்றாதீர்கள். பில்லுக்குப் பதிலாக வங்கிக் கணக்கு அறிக்கை போதும். சம்பந்தமில்லாத ஓர் அனுபவசாலியான தச்சரின் எழுத்துபூர்வ அறிக்கையைப் பிரமாண வாக்குமூலத்தோடு இணையுங்கள். ஆய்வகச் சோதனைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் வழி உண்டு. ஆனால் கட்டணத்தை நீங்கள்தான் முன்னதாகக் கட்ட வேண்டும். பணம் தர அவர் ஒப்புக்கொள்ளாமல், பிளையின் தரம் குறைவு என்பதையே மறுத்தால் மட்டும் அதைக் கேளுங்கள்.

நிறப் பொருத்தத்தை முதன்மைப் புகாராக்க வேண்டாம். தேக்கு வெனீர் கட்டுக்குக் கட்டு நிறம் மாறும், பழைய ஸ்டாண்டும் நாளாக நாளாக நிறம் மாறியிருக்கும். ஸ்டாண்டை மாதிரியாகக் காட்டி, அவர் ஒப்புக்கொண்ட செய்தி இருந்தால் மட்டும் அழுத்துங்கள்.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் நோட்டீஸ் அனுப்புங்கள். அசையாவிட்டால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்தில் தாக்கல் செய்ய அதே சட்டத்தின் 34-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ரூ.5 லட்சம் வரை கட்டணமில்லை, வக்கீல் கட்டாயமில்லை. காலக்கெடு 2 ஆண்டு. பாதுகாப்புக்கு மூடி கைக்கு வந்த நாளிலிருந்தே எண்ணுங்கள்.

ரூ.14,500, வட்டி, நியாயமான இழப்பீடு, வழக்குச் செலவு, இவ்வளவு கேளுங்கள். லட்சங்களில் கேட்டால் மனுவின் மதிப்பே குறையும். மோசடி என்று போலீசுக்குப் போக வேண்டாம். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டும் எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை. ஆணையத்தின் உத்தரவுக்குப் பிறகும் பணம் வராவிட்டால், 71-ஆம் பிரிவில் உத்தரவை அமல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவும் 72-ஆம் பிரிவில் தண்டனை கோரும் மனுவும் போடலாம்.