ஸ்ப்ரே பாட்டிலைக் கீழே வையுங்கள், முதலில் மூடியைப் பாருங்கள்

கேள்வி: நான்கு மாத சல்கேட்டா ஆமைக்குட்டி வளர்க்கிறேன். கண்ணாடித் தொட்டி, மேலே கம்பி வலை மூடி, அதன் மேல் 100 வாட் வெயில் விளக்கு. தினமும் மூன்று முறை ஸ்ப்ரே அடிக்கிறேன். அடித்தவுடன் ஈரப்பத மீட்டர் 85 சதவீதம் காட்டுகிறது, ஒரு மணி நேரத்தில் 35-க்கு இறங்கிவிடுகிறது. ஓடு வேறு மேடு மேடாக வளர ஆரம்பித்திருக்கிறது. பாலைவன ஆமைக்கு ஈரமே ஆகாது என்றும் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது?

அந்தக் கடைசிப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். சல்கேட்டா சகாராவின் தெற்கு விளிம்பில் வாழ்கிற ஆமைதான், மறுக்கவில்லை. ஆனால் அது நாள் முழுக்க வெயிலிலா நிற்கிறது? ஆழமாக வளை தோண்டி உள்ளே போய்ப் படுத்துக்கொள்கிறது, அந்த வளைக்குள் இருக்கிற காற்று வெளிக்காற்றைவிட எவ்வளவோ ஈரமானது. குட்டிகள் முட்டையிலிருந்து வெளிவருவதும் மழையை ஒட்டித்தான். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் இதே இனத்துக் குட்டிகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும், புரதம் கூடிய, குறைந்த தீவனங்களிலும் வளர்த்துப் பார்த்தார்கள். ஓடு மேடாவதைப் பெரிதும் தீர்மானித்தது காற்றின் ஈரம், புரதத்துக்கு அதில் பெரிய பங்கு இல்லை. ஆகவே உங்கள் குட்டிக்கு 80 சதவீதம் வேண்டும், அதுவும் ஸ்ப்ரே அடித்த அரை மணி நேரத்துக்கு மட்டும் இல்லை, நாள் முழுக்க.

சரி, அடித்த தண்ணீர் எங்கே போகிறது? மீட்டர் காட்டுவது ஒப்பு ஈரப்பதம், அதாவது அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் இப்போது எத்தனை பங்கு இருக்கிறது என்பது. காற்று சூடானால் தாங்கும் அளவு கூடிவிடும். 22 டிகிரியில் 70 சதவீதம் இருக்கிற அறைக் காற்றை அப்படியே 32 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு துளி நீர்கூடக் குறையாமலே மீட்டர் 40-க்கு வந்துவிடும். இதோடு உங்கள் வலை மூடியையும் சேர்த்துப் பாருங்கள்: விளக்கு சூடாக்கிய காற்று வலை வழியாக மேலே ஏறிப் போய்க்கொண்டே இருக்கிறது, அந்த இடத்துக்கு அறையின் உலர்ந்த காற்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. புகைபோக்கிக்குள் தண்ணீர் தெளிப்பது மாதிரிதான். மூன்று முறைக்குப் பதில் பத்து முறை அடித்தாலும் கதை இதேதான். (அறையில் ஏசி ஓடினால் இன்னும் மோசம்.)

அதனால் மூடியில் ஆரம்பியுங்கள். மேல்பக்கத்தில் பெரும்பகுதியை அடைத்துவிடுங்கள், கண்ணாடித் துண்டு, பாலிகார்பனேட் தகடு, எது கிடைத்தாலும் சரி. ஓரத்தில் சின்ன இடைவெளி போதும், ஆமை அதில் தாராளமாக மூச்சுவிடும். ஆனால் புற ஊதாக் கதிர் தருகிற யுவிபி விளக்குக்கும் ஆமைக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ வரக் கூடாது, அது அந்தக் கதிரைத் தடுத்துவிடும். விளக்கு மாட்டியிருக்கிற பக்கம் பிளாஸ்டிக் வைக்கவே வைக்காதீர்கள், உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். முடிந்தால் விளக்குகளையே உள்ளே மாட்டி முழுக்க மூடிய பெட்டியாக மாற்றிவிடுங்கள். அதுதான் நிரந்தரத் தீர்வு, பெட்டி மாற்றியவர்கள் யாரும் திரும்ப வலை மூடிக்குப் போய் நான் பார்த்ததில்லை. 100 வாட் வெயில் விளக்கும் மூடிய பெட்டிக்கு அதிகமாகத்தான் இருக்கும், அது நேராக ஓட்டின் முதுகையும் காய்ச்சுகிறது. வாட் குறைந்ததாக, ஒளி பரவலாக விழுகிற விளக்காக மாற்றி, பின்னணிச் சூட்டுக்கு தெர்மோஸ்டாட் போட்ட செராமிக் ஹீட்டர் வையுங்கள்.

அப்புறம் தரை. தேங்காய் நார்த்தூளோ மரப்பட்டைத் துண்டுகளோ 10 சென்டிமீட்டராவது ஆழமாகப் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரை மூலைகளில் ஊற்றுங்கள், மேலே தெளிக்க வேண்டாம். அடியில் ஈரம் நிற்க வேண்டும், ஆமை நடக்கிற மேல்பரப்பு ஏறக்குறைய உலர்ந்திருக்க வேண்டும். அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் உருண்டை பிடிக்க வேண்டும், ஓரிரு சொட்டுக்கு மேல் வடியக் கூடாது. மேல்பரப்பே சேறாகக் கிடந்தால் அடி ஓடு அழுக ஆரம்பித்துவிடும். ஒரு மூலையில் பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, வாசல் வெட்டி, உள்ளே ஈரப் பாசி வைத்துவிட்டால் குட்டி பாதி நாள் அதற்குள்தான் கிடக்கும், அதற்கு அதுதான் வளை.

இதில் எங்குமே விட்டுக்கொடுக்க முடியாதது சூடு. ஈரமும் குளிரும் சேர்ந்தால் நுரையீரல் தொற்று எளிதில் வரும். ‘ஈரம் வைத்தேன், சளி பிடித்தது’ என்று சொல்பவர்களிடம் விசாரித்தால் பெரும்பாலும் இரவில் ஹீட்டரை அணைத்திருப்பார்கள். ஈரப்பதம் 80 இருக்கும் பெட்டி இரவிலும் 27 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது. மூக்கில் குமிழி, வாயைத் திறந்து மூச்சு விடுவது, விசில் மாதிரி சத்தம், இதில் எது தெரிந்தாலும் ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவரிடம் உடனே போங்கள், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

பனி கக்கும் ஃபாகர் வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள், எனவே முன்பே சொல்லிவிடுகிறேன்: வேண்டாம். மூடிய பெட்டிக்கு அது தேவைப்படாது, திறந்த தொட்டியில் அது பயன்படாது, ஃபாகரின் தண்ணீர்த் தொட்டியை நாள்தோறும் கழுவாவிட்டால் கிருமியைத்தான் ஊதும்.

மீட்டரை விளக்குக்கு நேர் கீழே வைக்காமல், நிழல் பக்கம், ஆமையின் முதுகு உயரத்தில் வையுங்கள். அது சொல்வது சரியா என்று பார்க்க, ஒரு மூடியில் உப்பைப் போட்டுக் கூழாகும் அளவுக்கு மட்டும் நனைத்து, மீட்டரோடு காற்றுப்புகாத டப்பாவில் ஓர் இரவு அடைத்து வையுங்கள், காலையில் 75 காட்ட வேண்டும். 68 காட்டினால் உங்கள் மீட்டர் 7 குறைவாகச் சொல்கிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தினமும் அரை மணி நேரம் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தண்ணீர் அடி ஓடும் மேல் ஓடும் சேரும் இடம் வரை இருந்தால் போதும்.

ஏற்கெனவே மேடாகிப் போன இடம் திரும்பச் சமமாகாது, அதை நினைத்து எண்ணெய் கிண்ணெய் எதுவும் தடவாதீர்கள். ஓட்டுத் தட்டுகளுக்கு நடுவே வெளிர் நிறத்தில் ஒரு கோடு தெரியும், அதுதான் புது வளர்ச்சி. மாதம் ஒருமுறை ஒரே உயரத்திலிருந்து பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், அந்தக் கோடு மட்டமாக வருகிறதா என்று மூன்று நான்கு மாதத்தில் தெரிந்துவிடும்.