மழை முடியட்டும், மறுகா பெயின்ற்

கேள்வி: வெளிச்சுவர் பெயின்ற் எல்லாம் பொக்களிச்சு உரியுது. மகன் கட்டார்ல இருந்து தைப்பொங்கலுக்கு வாறான், அதுக்கு முதல் அடிச்சு முடிக்கணும் எண்டு ஆசை. மார்கழில ஆள் புடிச்சா சரியா வருமா? எவ்வளவு பெயின்ற் வாங்கணும்? எங்கட வீட்டுல இருந்து கடல் நடந்து போற தூரம்தான்.
- ஒரு வாசகி, கல்லடி

பதில்: அக்கா, மார்கழி வேணாம். எங்கட மட்டக்களப்புப் பக்கம் வருசத்துல ஆகக் கூடின மழை டிசம்பர்லதான், ஐப்பசி கடைசில தொடங்கினா தை பாதி, சில வருசம் மாசி வரைக்கும் வாடைக்காத்தோட ஊத்தும். இடையில ரெண்டு நாள் வெயில் எறிச்சா எல்லாருக்கும் கை துறுதுறுக்கும், ஆனா சுவருக்குள்ள ஊறின தண்ணி ரெண்டு நாள்ல போகாது, மேல பெயின்ற அடிச்சு மூடினா உள்ளுக்க இருக்கிற ஈரம் வெளிய வர வழி தேடும், அதுதான் பொக்களமா வாற. எங்கட வீட்டுலயும் ஒருக்கா இது நடந்தது. கார்த்திகைல நாலு நாள் வெயில் கண்டதும் கடைக்காரர் ஒருத்தர் "இது ஈரத்துலயும் புடிக்கும்" எண்டு சொன்னத நம்பி அடிச்சம், சித்திரை வரேக்க பின்சுவர்ல உள்ளங்கை அளவுக்குப் பொக்களம், நகத்தால தட்டினா உள்ள இருந்து மா மாதிரி வெள்ளை உப்பு கொட்டுது. அடிச்ச காசும் போய், சுரண்டுறதுக்கும் கூலி குடுத்தம்.

அதுக்காக மழைக்காலத்த சும்மா விட்டிராதீங்க. பெயின்ற் வேலையில பாதி, தண்ணி எங்கால சுவருக்குள்ள போகுது எண்டு கண்டுபிடிக்கிறதுதான், அத மழை மட்டும்தான் காட்டும். நல்லா ஊத்தேக்க குடையப் புடிச்சுக்கிட்டு வீட்டச் சுத்தி ஒருக்கா நடங்க. கூரைத்தண்ணி ஓடுற பீலி எந்த மூட்டுல ஒழுகுது, ஜன்னலுக்கு மேல உள்ள தட்டுல தண்ணி தேங்குதா, கூரைத்தண்ணி மண்ணுல விழுந்து சுவர்ல எவ்வளவு உயரத்துக்குத் தெறிக்குது, எல்லாத்தையும் பாருங்க, கண்ட இடத்துல ஆணியால ஒரு கீறல் போட்டு வைங்க, எப்படியும் சுரண்டப் போற சுவர்தானே. போட்டோவும் எடுங்க. பங்குனி வெயில்ல சுவர் காஞ்ச பிறகு பெயின்ற் அடிக்கிற பாஸைக் கூட்டி வந்தா அவருக்கு ஒண்டும் தெரியாது, மேலால பூசிட்டுப் போயிருவார்.

மகன் வந்து நிக்கிற நேரம் பீலியையும் ஓட்டையும் சரி பண்ணுற வேலைய அவரோட சேர்ந்து முடிங்க. பொங்கலுக்கு விறாந்தையின்ட உள்பக்கத்த மட்டும் அடிச்சாலே வீட்டுக்கு முகம் வந்திரும். வெளிச்சுவருக்கு பங்குனிய வைங்க, வருசப்பிறப்புக்கு முதல் முடியிற மாதிரி. ஆனா நல்ல பாஸ்மார் அந்த நேரம் கிடைக்கமாட்டாங்க, எல்லாரும் சித்திரைக்குத்தானே அடிக்கிற, அதனால தையிலயே பேசி நாள் குறிங்க.

அடிக்கிறதுக்கு முதல் ஒரு சோதனை. ரெண்டு அடிச் சதுரத்துக்கு பொலித்தீன் வெட்டி, நாலு பக்கமும் டேப்பால இறுக்கி சுவர்ல ஒட்டி ஒரு நாள் விடுங்க. உரிச்சுப் பாக்கேக்க உள்பக்கம் வேர்த்திருந்தா சுவர் இன்னும் காயல்ல, ஒரு கிழமை கழிச்சு மறுகா பாருங்க. வெடிப்பு அடைச்சு புதுசாப் பூசின இடம் இருந்தா அதுக்கு 28 நாள் விடணும், பச்சைச் சீமெந்துல உள்ள காரம் நிறத்தத் திண்டிரும். உப்புப் பூத்த இடத்த தண்ணி ஊத்திக் கழுவாதீங்க, உப்பு கரைஞ்சு திரும்ப உள்ளுக்கு இறங்கும், காஞ்ச பிரஷ்ஷால தேச்சுத் துடைங்க. மத்த இடத்துல உள்ள பாசியையும் கடல்காத்து ஒட்டின உப்பையும் நல்ல தண்ணியால கழுவி காய விடுங்க. ஜன்னல் கம்பியும் அப்படித்தான், துரு சுரண்டி, கழுவி, காஞ்ச அண்டைக்கே துருப்புடிக்காத பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கை குடுத்திரணும், கல்லடிக் காத்துல ஒரு இரவு வெறும் இரும்பா விட்டா காலையில செம்மஞ்சள் படிஞ்சிருக்கும்.

கணக்கு லேசு. வீட்டச் சுத்தின நீளம் 140 அடி, உயரம் 10 அடி எண்டு வைங்க, 1400 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 150 கழிச்சா 1250, ரெண்டு கை அடிக்க 2500. ஒரு லீற்றர் கரடு முரடான சுவர்ல 100 சதுர அடிக்கு வரும் எண்டு பாத்தா 25 லீற்றர். பத்து லீற்றர் வாளி ரெண்டும் நாலு லீற்றர் டின் ரெண்டும் எடுங்க, மிச்சம் பிறகு கீறல் மறைக்க உதவும். எல்லாத்தையும் ஒரே நாள் வாங்கி, பெரிய வாளியில ஒண்டாக் கலக்கிட்டு அடிக்கச் சொல்லுங்க, இல்லாட்டி டின்னுக்கு டின் நிறம் கொஞ்சம் விலகி ஒரு சுவர்ல ரெண்டு நிறம் தெரியும். வெயில்ல கொதிக்கிற சுவர்ல அடிக்க விடாதீங்க, மேற்குச் சுவர காலையிலயும் கிழக்குச் சுவர பின்னேரமும் அடிச்சா நிழல்லயே வேலை ஓடும். வைகாசி, ஆனிக்குத் தள்ளினா தென்மேற்கால வாற வறண்ட கச்சான் காத்து, ஈரப் பெயின்ற்ல புழுதி வந்து ஒட்டும்.

கேள்வி: அப்பப்பா 1978 சூறாவளிக்குப் பிறகு கட்டின வீடு, அண்டையில இருந்து சுண்ணாம்புதான். அதுக்கு மேல நேரா எமல்ஷன் அடிக்கலாமா?
- ஒரு வாசகர், அக்கரைப்பற்று

பதில்: நேரா அடிச்சா ஒரு வருசத்துல தோல் மாதிரி உரியும் தம்பி, ஏனெண்டா பெயின்ற் புடிக்கிறது சுவர இல்ல, சுண்ணாம்புப் பொடிய. கையால தடவினா வெள்ளை ஒட்டாத வரைக்கும் சுரண்டி, பிறகுதான் பிரைமர். அவ்வளவு கூலி குடுக்க ஏலாட்டி சுண்ணாம்பையே அடிங்க, அதுல ஒரு குறையும் இல்ல, பழைய சுவர் அதுல மூச்சு விடும், ஈரம் உள்ளுக்க அடைபடாது. பழைய கதவு நிலைகள்ல எனாமல் இருந்தா காஞ்சபடி உரசாதீங்க, அந்தக் காலத்து எனாமல்ல ஈயம் இருந்திருக்கும், தண்ணி தொட்டு உரசுங்க, அந்த நேரம் பிள்ளைகள பக்கத்துல விடாதீங்க.

கேள்வி: கடும் சிவப்பு அடிச்சா நிக்குமா?
- ஒரு வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: எங்கட வெயிலுக்கு சிவப்பு வெளிறும் தங்கச்சி. முன்தூணுக்கு மட்டும் வைங்க, சுவருக்கு வெளிர் நிறம் எடுங்க. ஒரு லீற்றர் வாங்கி வெயில் படுற பக்கம் ரெண்டடிக்கு அடிச்சு, காலையிலயும் பின்னேரமும் பாத்திட்டு முடிவெடுங்க.