மூன்று சுழியும் தோல் அச்சும்

கேள்வி: பேரணாம்பட்டில் சிறிய அளவில் தோல் பர்ஸும் பெல்ட்டும் தைக்கிறோம். இதுவரை ஆம்பூர், ராணிப்பேட்டை கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுத்தோம். இனி சொந்தப் பெயரில் விற்க ஆசை. லோகோ தமிழில்தான் வேண்டும். வேலூரில் ஒரு டி.டி.பி. கடையில், ‘ஆயிரம் எழுத்துரு இருக்கிறது’ என்று பென்டிரைவ் தந்தார்கள். லோகோ வரைபவரோ, விலை கொடுத்து வாங்கினால்தான் தரம் என்கிறார். எங்களிடம் இருப்பது 5,000 ரூபாய். யார் சொல்வதைக் கேட்பது? (பெயரைப் பதிவு செய்யும்வரை அச்சிட வேண்டாம். ‘ணை’ என்று முடியும்.)
– வாசகர், பேரணாம்பட்டு

பதில்: இரண்டு பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம்.

பென்டிரைவை முதலில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் பாமினி போன்ற, யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியீட்டு எழுத்துருக்களாக இருக்கும். லோகோவை எப்படியும் தட்டச்சு எழுத்தாக வைக்காமல் வெறும் கோட்டுருவமாக (வெக்டர்) மாற்றிவிடுவோம் என்பதால் குறியீடு ஒரு தொல்லையே இல்லை. யார் வரைந்தது, வணிகத்துக்குப் பயன்படுத்தலாமா என்று தெரியாததுதான் தொல்லை. தொழில் வளர்ந்த பிறகு உரிமையாளர் வந்து நின்றால் கடைக்காரர் உங்களுக்காகப் பேச வரமாட்டார்.

விலைதான் தரம் என்பதும் சரியில்லை. கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கும் முக்த மலர், அனேக் தமிழ், கேட்டமரன், ஹிந்த் மதுரை எல்லாம் தேர்ந்த கலைஞர்கள் வரைந்தவை. திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவை. லோகோவில் போடலாம், வளைவை மாற்றி வரையலாம், காசு கேட்க மாட்டார்கள். எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான். எழுத்துருவைப் பதிவிறக்கும்போது கூடவே வரும் உரிமக் கோப்பை அழிக்காமல் பத்திரப்படுத்துங்கள்.

இனி உங்கள் ‘ணை’க்கு வருவோம். முன்னால் இணைக்கொம்பு, அதன் பின்னால் மூன்று சுழி. தமிழில் இதைவிட நெருக்கமான எழுத்து அதிகம் இல்லை. காகிதத்தில் அழகாக இருக்கும். பர்ஸின் மூலையில் லோகோ செதுக்கிய பித்தளை பிளாக்கைச் சூடேற்றி அழுத்தும்போது, கோட்டோடு சேர்ந்து சுழிக்குள் இருக்கும் துளித் தோலும் கீழே இறங்கிவிடும். சுழி அடைந்து பொட்டாகிவிடும். ஆகவே சுழிக்குள் இடம் விட்டிருக்கும் எழுத்துருதான் உங்களுக்குத் தேவை. பலூ தம்பி கொழுத்த எழுத்து. மிட்டாய் டப்பாவுக்குப் பொருந்தும், தோலுக்கு வேண்டாம். நோட்டோ செரிஃப் தமிழில் மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வரும். மெல்லியது தோலில் பதியாது. என் தேர்வு அனேக் தமிழ். அதில் தடிமனை மட்டுமல்ல, அகலத்தையும் கூட்டிக் குறைக்கலாம். நடுத்தரத் தடிமனில் அகலத்தைக் கூட்டினால் சுழிகள் திறந்துகொள்ளும். ஆங்கில எழுத்தும் அதிலேயே இருப்பதால், வெளியூருக்கு அனுப்பும் பெட்டிக்கு வேறு எழுத்துரு தேட வேண்டியதில்லை.

பிளாக் செய்யக் கொடுக்கும் முன், பர்ஸில் எந்த அளவில் வருமோ அதே அளவில் கறுப்பில் அச்செடுங்கள். அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடியும் ஜெராக்ஸ் எடுங்கள். அதிலும் மூன்று சுழியும் தனித்தனியாகத் தெரிந்தால் தோலிலும் தெரிய வாய்ப்பு அதிகம். பிறகு ஒரு கழிவுத் துண்டில் அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை போன்ற கொம்பு வைத்த ‘ணை’யைப் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். எனக்கும் அந்த வடிவம் பிடிக்கும். ஆனால் இன்றைய கல்லூரிப் பிள்ளைகள் உங்கள் கடைப் பெயரைப் படிக்கத் திணறுவார்கள்.

எழுத்துருவுக்குச் செலவில்லை என்பதால் அந்த 5,000 ரூபாயை வரைபவருக்கே கொடுங்கள். எழுத்துருவை அப்படியே தட்டச்சு செய்து தருவதற்கு அல்ல. ‘ணை’யின் கொம்பையும் சுழியையும் உங்களுக்கென்று திருத்தி வரைவதற்கு. அனேக் தமிழ் யாருக்கும் கிடைக்கும், திருத்திய ‘ணை’ உங்களிடம் மட்டும்தான் இருக்கும். கோட்டுருவக் கோப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படமாக மட்டும் தந்தால் பிளாக் செய்பவர் மறுபடி வரையச் சொல்வார்.

வர்த்தகக் குறிப் பதிவுக்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். சிறு தொழிலுக்கு இணையவழிக் கட்டணம் ஒரு வகைக்கு 4,500 ரூபாய். பர்ஸ் 18-ஆம் வகை, இடுப்பு பெல்ட் 25-ஆம் வகை. இரண்டுக்கும் சேர்த்து 9,000 ஆகும். எது அதிகம் விற்கிறதோ அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள்.