துணிச்சலுக்கு மேல் என்ன இருக்கிறது?

கேள்வி: சல்மாவின் ‘ஒரு மாலையும் இன்னொரு மாலையும்’ கவிதைத் தொகுப்பை இப்போதுதான் படித்தேன். சின்னப் புத்தகம், அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எல்லாமே வீட்டுக்குள் நடக்கும் சங்கதி. துணிச்சலாக எழுதியிருக்கிறார், சரி. அதற்கு மேல் என்ன இருக்கிறது? அவர் அரசியலில் இருப்பதால்தான் இத்தனை பேச்சா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். காலச்சுவடு பதிப்பகம் இந்தத் தொகுப்பை வெளியிட்டது 2000இல். அவர் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவரானது 2001இல், மாநிலங்களவைக்குப் போனது 2025இல். துவரங்குறிச்சியில் வயதுக்கு வந்ததும் படிப்பு நிறுத்தப்பட்ட பெண், புகுந்த வீட்டில் மறைத்து எழுதி, புனைபெயரில் வெளியே அனுப்பியவர். எந்தப் பதவியும் அப்போது அவரிடம் இல்லை.

‘துணிச்சல்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். ஆண் கவிஞர் ஒருவரை அந்த ஒரு சொல்லோடு அனுப்பிவைப்போமா? ‘ஒப்பந்தம்’ கவிதையைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். படுக்கையறையில் நடக்கும் தவறுகளெல்லாம் உன்னுடையவைதான் என்று அம்மா நாசூக்காகவும் அக்கா கோபமாகவும் சொல்வதில் தொடங்குகிறது. அந்தப் பெண் எதற்காக இணங்கிப் போகிறாள் என்பது பின்னால் ஒவ்வொன்றாக வருகிறது. கணவனின் கொஞ்சம் அன்பு, குழந்தைக்குத் தாயாக இருக்கும் பொறுப்பு, அப்புறம் வெளியிலிருந்து அவன் வாங்கி வர வேண்டிய நாப்கின், கருத்தடைச் சாதனம், முடிந்தால் கொஞ்சம் அதிகாரம். அன்பைச் சொன்ன அதே குரலில்தான் நாப்கினையும் சொல்கிறாள். இதற்குக்கூட அவனைத்தான் நம்பியிருக்க வேண்டும் என்ற நிலைமை அந்த இடத்தில் நமக்கு உறைக்கிறது. கவிஞர் அதை விளக்கவே இல்லை, அழவும் இல்லை. எதற்குப் பின்னால் எதை வைப்பது என்ற இந்தத் தேர்ச்சி துணிச்சலால் மட்டும் வந்துவிடாது.

சின்னது, வீட்டுக்குள் நடக்கும் சங்கதி என்கிறீர்களே, சங்க இலக்கியத்தின் குறுந்தொகைப் பாட்டும் நாலிலிருந்து எட்டு அடிதான். பரத்தையிடம் போய் வந்த கணவனை வாசலில் நிறுத்தும் மனைவி அதிலும் இருக்கிறாள். அதை யாரும் வீட்டுச் சங்கதி என்று ஒதுக்குவதில்லை.

தொகுப்பில் எல்லாக் கவிதைகளும் ஒரே உயரத்தில் இல்லை. தனிமையையும் இரவையும் பேசும் சில கவிதைகளில் ஒரே மனநிலை திரும்பத் திரும்ப வருகிறது. ஆனால் அரை மணி நேரத்தில் ஓடிப் படித்தால் நல்லதும் சாதாரணமும் ஒன்றாகத்தான் தெரியும். ஒரு நாளைக்கு ஒரு கவிதை போதும். ‘ஒப்பந்த’த்திலிருந்து தொடங்குங்கள். படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள், மாற்றுக்கருத்தாக இருந்தாலும் அச்சிடுகிறேன்.